ஹேண்டில் கனக்கும் பைக்கில் எங்கிருந்து தேடுவது?

பைக்கின் முன்பக்கக் கோளாறைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு சிரமம் என்றால், ஒரே அறிகுறிக்கு ஏழெட்டுக் காரணங்கள் இருக்கும். டயரில் காற்றுக் குறைந்தாலும் ஹேண்டில் கனக்கும், ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன் இறுகினாலும் கனக்கும், பின் ஷொக் தளர்ந்து போனாலும் கனக்கும். என்னுடைய 150 சிசி பைக்கில் இவை சேர்ந்தே இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த விதத்தை எழுதினால், பழைய பைக்கோடு கொழும்பில் அலைகிற யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

பழைய பைக் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்கிடையில் இங்கே விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை கைமாறிக் கைமாறி வந்த வண்டிகள். என்னுடையதை கொட்டாஞ்சேனையில் ஒரு தம்பி சாப்பாட்டு டெலிவரிக்கு ஓட்டியிருந்தார். எஞ்சின் சுத்தமாக இருந்தது, விலையும் படிந்தது, எடுத்துவிட்டேன்.

வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் பஸ்ஸுக்குப் பின்னால் மெதுவாக ஊரும்போது வண்டி நேராகப் போகாது. இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும், திருத்தினால் வலது பக்கம் கூடுதலாகப் போய்விடும். இது முதல் குறை. லிப்டன் சுற்றுவட்டத்தில் சாய்த்து வளைக்கப் போனால் முதலில் மறுக்கும், பிறகு திடீரென்று உள்ளே விழும். இது இரண்டாவது. மூன்றாவது, மரைன் டிரைவில் 50, 60இல் போகும்போது முன் டயர் ரோட்டில் என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரியவே இல்லை. மழை ஈரத்தில் அந்த உணர்வு மிகவும் பயமாக இருந்தது.

இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வைத்தேன். "முன்பக்கம் சரியில்லை" என்று மொத்தமாகச் சொன்னால் கராஜில் கிடைக்கும் பதிலும் மொத்தமாகத்தான் இருக்கும். ஒருவர் டயரை மாற்றச் சொன்னார். இன்னொருவர் சேஸிஸ் வளைந்திருக்கும் என்றார். ஒரு கராஜில் வண்டியில் ஏறிக்கூடப் பார்க்காமல், முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கைக் கழற்றி நிமிர்த்த வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். சேஸிஸ் வளைவது நடக்காத விஷயம் அல்ல. ஆனால் செலவு கூடிய சந்தேகத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. செலவில்லாததிலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ரோட்டில், அதே வேகத்தில், பின்னால் யாரையும் ஏற்றாமல் ஓடிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ஞாயிறு காலை மரைன் டிரைவ் அதற்குத் தோதான இடம்.

முதலில் காற்று. என் பைக்குக்கு முன்னுக்கு 28, பின்னுக்கு 33 பிஎஸ்ஐ. டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டியை எடுக்கும் முன்பே, சொந்த கேஜால் அளக்க வேண்டும். பெற்றோல் ஷெட்டுக்கு ஓடிப்போய் அளந்தால் டயர் சூடாகி அளவு கூடிக் காட்டும். ஷெட்டில் இருக்கும் கேஜ்களும் ஒன்று சொல்வதை மற்றது சொல்வதில்லை. என் முன் டயரில் 20க்கும் கீழேதான் இருந்தது. அடித்ததும் ஹேண்டில் ஓரளவு லேசானது. மெதுவாகப் போகும்போது அலைவது மட்டும் அப்படியே இருந்தது. காற்று ஒரு பங்கு, முழுக் காரணம் அது இல்லை என்று அதில் தெரிந்தது.

அப்புறம் டயரையே பார்த்தேன். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ரப்பர் வயதாகி இறுகினால் ஈரத்தில் பிடிக்காது. முன் டயர் வயதில் மோசமில்லை. பின் டயரின் வடிவம்தான் கண்ணில் பட்டது. நேர் ரோட்டிலேயே ஓடி ஓடி நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து, இரண்டு ஓரமும் விளிம்பாக நின்றது. சாய்க்கும்போது டயர் அந்த விளிம்பில் ஏற வேண்டும், அதனால் மறுக்கும். ஏறித் தாண்டியதும் சட்டென்று விழும். லிப்டன் சுற்றுவட்டத்தில் நடந்தது அதுதான். கையில் முன்பக்கக் குறையாகத் தெரிந்ததற்குக் காரணம் பின்னால் இருந்தது.

அலைவதற்குக் காரணம் தேடி தெமட்டகொடயில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் நானாவிடம் போனேன். அவர் முதலில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்குக் கீழே கட்டை வைத்து, முன் சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கினார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சக்கர பேரிங்கில் ஆட்டம் இல்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பிரேக் உரசவில்லை.

"தம்பி, இப்ப ஹேண்டில நடுவுல வெச்சி ஒரு விரலால மட்டும் தட்டிவிடுங்க. தானா விழணும்" என்றார்.

விழவில்லை. கோன் நல்ல நிலையில் இருந்தால் ஒரு தட்டுக்கே ஹேண்டில் தன் பாரத்தில் கடைசிவரை போய்விடும். என்னுடையது பாதியில் நின்றது. இன்னொன்றும் தெரிந்தது. மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பும்போது, சரியாக நடுவில் ஓர் இடத்தில், கதவுத் தாழ்ப்பாள் குழிக்குள் விழுவதுபோல் ஹேண்டில் போய் உட்கார்ந்தது. நேராகவே ஓடும் வண்டியில், கோனுக்குள் இருக்கும் குண்டுகள் எப்போதும் ஒரே இடத்தில் நின்று அடிவாங்கி, அவை உருளும் வளையமான ரேஸில் சின்னச் சின்னக் குழிகளை உண்டாக்கிவிடும். அந்தக் குழிதான் கையில் பட்டது.

இதற்கும் வண்டி அலைவதற்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பைக் நிமிர்ந்து ஓடுவது நம் கைப்பலத்தால் மட்டும் அல்ல. வண்டி கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தால் முன் சக்கரம் தானாக இடது பக்கம் கொஞ்சம் திரும்பி வண்டியை நிமிர்த்துகிறது. நாம் அறியாமலே இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருக்கும். கோன் இறுகினாலோ நடுவில் குழி விழுந்தாலோ சக்கரத்தால் அப்படிச் சுதந்திரமாகத் திரும்ப முடியாது. திருத்தத்தை நாமே கையால் செய்ய வேண்டி வரும், நம் கை எப்போதும் கொஞ்சம் பிந்தும், கொஞ்சம் மிஞ்சும். வேகம் குறைந்த நேரத்தில் இது நன்றாகத் தெரியும். கோன் தளர்ந்திருந்தால் வேறு விதம்: முன் பிரேக் பிடிக்கும்போது "டொக்" என்று தட்டும், ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியும்.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு போன் எடுத்துக் கேட்டேன். பிரேக் பிடித்தால் முன்னுக்குத் தட்டுகிறது என்று எங்கேயோ காட்டியதாகவும், அவர்கள் நட்டை இறுக்கிக் கொடுத்ததாகவும் சொன்னார். எல்லாம் பொருந்தியது. குழி விழுந்த ரேஸை இறுக்கினால் தட்டும் சத்தம் நிற்கும், வண்டி அலையத் தொடங்கும்.

சாமான் வாங்கும் முன்பே நானா ஒரு வேலை செய்தார். அதற்காகவே அவரை மதிக்கிறேன். சி ஸ்பேனரால் கோனை இறுக்கிப் பிடிக்கும் ரிங் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, "மெதுவா இந்த ஒழுங்கைக்குள்ள மட்டும் ஒரு ரவுண்ட் போங்க" என்றார். பிரேக்கில் தட்டும் சத்தம் திரும்பி வந்தது, ஆனால் வண்டி நேராகப் போனது. காரணம் கோன்தான் என்று உறுதியானது. காசு செலவழிக்கும் முன் இப்படி ஒரு சோதனை செய்ய முடிந்தால் அதைத் தவிர்க்கக் கூடாது. அதே நேரம், தளர்ந்த கோனோடு காலி வீதி மாதிரிப் பெரிய ரோட்டில் வேகமாக ஓடக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் நடுங்கத் தொடங்கினால் அடக்குவது கஷ்டம்.

கழற்றியபோது மேல் ரேஸ் பரவாயில்லை. கீழ் ரேஸில் கிரீஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை, துருப்பிடித்த செம்மண் நிறம்தான். பாரத்தின் பெரும்பகுதி கீழ் ரேஸிலேதான் விழுகிறது, சக்கரம் அடிக்கும் தண்ணீரும் அங்கேதான் படுகிறது. வொஷ் பண்ணும் இடங்களில் தண்ணீர்த் துப்பாக்கியை நேராகக் கழுத்துக்குப் பிடிப்பதும் இதைக் கெடுக்கும். இப்போது நான் பக்கத்தில் நின்று, அந்த இடத்துக்கு அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

கோன் செட் வாங்க, வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய ரேஸையும் குண்டுகளையும் துணியில் சுற்றிக் கொண்டுபோவது நல்லது. மொடலின் பெயரைச் சொன்னால் கிட்டத்தட்டப் பொருந்துவது ஒன்று கிடைக்கும், சாமானைக் காட்டினால் சரியானது கிடைக்கும். குண்டுக்குப் பதிலாக கூம்பு வடிவ உருளைகள் உள்ள டேப்பர் ரோலர் போடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அது நீண்ட காலம் உழைக்கும், உண்மைதான். ஆனால் இறுக்கும் அளவில் அதிகக் கவனம் வேண்டும், சற்று மிஞ்சினாலும் ஹேண்டில் கனத்துவிடும். எனக்கு லேசான ஹேண்டில்தான் வேண்டியிருந்தது, தயாரிப்பாளரின் குண்டு செட்டையே எடுத்தேன்.

புது ரேஸை அடித்து இறக்கும்போது அது கோணாமல் உட்கார வேண்டும். நானா பழைய ரேஸை மேலே வைத்து அதன் மீது தட்டினார், சுத்தியல் புதியதைத் தொடவே இல்லை. நிறைய கிரீஸ் வைத்து, ரிங் நட்டை முதலில் இறுக்கி எல்லாவற்றையும் உட்கார வைத்து, பிறகு தளர்த்தி, மெதுவாகச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தார். மேல் நட்டை இறுக்கும்போது அந்த அளவு மாறிவிடும், அதனால் எல்லாம் இறுக்கிய பிறகு ஒரு விரல் சோதனையைத் திரும்பச் செய்தார். அப்போது இன்னொன்று அகப்பட்டது: இடது கோடியில் ஹேண்டில் கொஞ்சம் துள்ளித் திரும்பியது. கிளட்ச் கேபிள் தவறான பக்கத்தால் போயிருந்தது. வழி மாற்றினோம், சரி.

ஃபோர்க் கழன்றிருந்ததால் அதையும் பார்த்தோம். குழாய்களைக் கண்ணாடிப் பலகையில் உருட்டினார், இரண்டும் நேர். நிமிர்த்தும் பேச்சு அதோடு முடிந்தது. பழைய ஒயில் சாம்பல் கறுப்பாக, இரண்டு பக்கமும் சமமில்லாமல் வந்தது. மெனுவலில் உள்ள அளவுக்கு இரண்டிலும் ஒரே அளவாக ஊற்றி, குழாய்கள் மேல் கிளாம்பில் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று ஸ்கேலால் அளந்து, போல்ட்களை இறுக்கும் முன் ஃபோர்க்கை நன்றாக அமுக்கி அமுக்கி விட்டார். இப்படிச் செய்யாவிட்டால் இரண்டு காலும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு ஏறி இறங்கும்.

அலைவது நின்றது. ஆனால் வேகத்தில் ரோட்டை உணர முடியாத அந்தக் குறை முழுதாகப் போகவில்லை.

மிச்சம் பின்னால் இருந்தது. டெலிவரிப் பெட்டியின் பாரத்தோடு ஓடிய பின் ஷொக், அதுவும் ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு, மிக மென்மையான படியில். பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டின் கீழுள்ள ஓர் இடம்வரை அளந்து, நான் ஏறி உட்கார்ந்ததும் திரும்ப அளந்தோம். மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குவரை இறங்கலாம். என்னுடையது பாதிக்குக் கிட்ட இறங்கியது. பின்பக்கம் தாழ்ந்தால் ஃபோர்க் கூடுதலாகச் சரிந்து நிற்கும், வளைக்க மந்தமாகும். முன் டயரின் பாரமும் குறையும், கைக்கு வரும் செய்தியும் குறையும். ப்ரீலோட்டைக் கூட்டி, பெட்டி தாங்கியைக் கழற்றி, பின் சக்கரம் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்து, செயின் அட்ஜஸ்டர்களைச் சமப்படுத்தினோம். கடைசியாகப் பின் டயரையும் அதே அளவில் புதிதாகப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு மரைன் டிரைவில் முன் டயர் ரோட்டின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் கைக்குச் சொன்னது. சுற்றுவட்டத்தில் நினைத்த அளவுக்குச் சாய்ந்தது. புது ரேஸ் ஓட ஓட இன்னும் கொஞ்சம் உட்காரும் என்பதால், சில நூறு கிலோமீற்றருக்குப் பிறகு நானாவிடம் திரும்பப் போய் ஒரு விரல் சோதனையைச் செய்து, ரிங் நட்டைச் சற்றே சரிசெய்துகொண்டேன். ஷொக் பழையதுதான். இப்போதைக்கு ப்ரீலோட் தாங்குகிறது, பின்னால் ஆள் ஏற்றும் நாட்களில் இன்னொரு படி கூட்டிக்கொள்கிறேன்.