எம்.எல்.ஏ.வின் சாதனை நோட்டீஸ்

எங்கள் எம்.எல்.ஏ.வின் சாதனை நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. வாய்க்கால் தூர் வாரியது, தெருவிளக்கு, சந்துக்குச் சிமென்ட் சாலை (சாலை நிஜம்தான், நன்றாகவே போட்டிருக்கிறார்கள்). சரி, செய்ததைச் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் இதெல்லாம் கவுன்சிலர் வேலை இல்லையா?

புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தலே நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அப்புறம் கவுன்சிலரே கிடையாது. பக்கத்துக் கடலூரில் 2022-ல் மாநகராட்சிக்கே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். இங்கே சாக்கடை அடைத்தாலும் எம்.எல்.ஏ., சட்டம் போடவும் எம்.எல்.ஏ. மொத்தமே 30 தொகுதி, பாவம் அவர்களும் என்ன செய்வார்கள்!

நோட்டீஸை இரண்டு பக்கமும் புரட்டினேன். சட்டசபையில் என்ன பேசினார் என்று ஒரு வரிகூட இல்லை. உள்ளாட்சித் தேர்தலை நடத்தச் சொல்லி ஒரு தடவையாவது கேட்டாரா, அண்ணே?