கொலம்பஸ்ல ஒரு இன்டோர் மவுண்டன் பைக் பார்க் கட்டுப்படியாகுமா?

குளிர்காலத்துல இங்க மவுண்டன் பைக் (காட்டுப் பாதையில, மேடு பள்ளத்துல ஓட்டற சைக்கிள்) ஓட்ட முடியாததுக்குக் காரணம் பனின்னுதான் ஊர்ல இருக்கவங்க நினைக்கிறாங்க, ஆனா பனில கூட ஒரு மாதிரி ஓட்டிடலாம், எங்களுக்கு எதிரி மத்திய ஒஹாயோவோட களிமண்ணுதான். ராத்திரி உறையும், விடிஞ்சு வெயில் பட்டதும் மேல ரெண்டு இஞ்ச் மட்டும் இளகும், கீழ இன்னும் ஐஸா இருக்கறதால தண்ணி இறங்க வழியில்லாம அப்படியே சேறா நிக்கும். அதுல ஒருத்தர் டயரை விட்டா அந்தத் தடம் கோடை வரைக்கும் போகாது. ஆலம் க்ரீக் டிரெயிலை எல்லாம் கோம்போங்கற (COMBO) உள்ளூர் மவுண்டன் பைக் சங்கத்து ஆளுங்க மண்வெட்டி பிடிச்சு, சம்பளம் வாங்காம பராமரிக்கிறாங்க, அதை நாசம் பண்ண யாருக்கும் மனசு வராது. அதனால டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் பெரும்பாலும் பைக் கராஜ்லதான்.

அப்புறம் இருக்கிற ஒரே வழி ஐ-71 ஹைவே பிடிச்சு ரெண்டு மணி நேரம் கிளீவ்லேண்ட் போறது. அங்க ரே பெட்ரோன்னு ஒருத்தர் 2004ல ஒரு பழைய ஃபேக்டரி கட்டடத்துக்குள்ள மரத்தாலயே டிரெயில் கட்டி ஆரம்பிச்சதுதான் ரேஸ் (Ray's) இன்டோர் பைக் பார்க். போயிட்டு வர்ற வழியில ஒவ்வொரு தடவையும் கார்ல இதே பேச்சு, "நம்ம ஊர் அதைவிடப் பெரிய ஊரு, இங்க ஏன் ஒண்ணு வரல?" நானும் ரொம்ப நாளா இதையே யோசிச்சு, கட்டட விதி (பில்டிங் கோட்), வாடகை, இன்ஷூரன்ஸ்னு தோண்டிப் பாத்துட்டேன். அது மாதிரியே ஒண்ணு இங்க நிக்காது, ஆனா சின்னதா வேற மாதிரி ஒண்ணு நிக்கும், அதுவும் நம்மள மாதிரி பைக் பைத்தியங்களை நம்பாம கட்டினாதான் நிக்கும்.

முதல்ல வாடகை. கிளீவ்லேண்ட்ல தொழிற்சாலைங்க போனதுக்கப்புறம் பெரிய பெரிய கட்டடங்க சும்மா கிடந்துச்சு. கொலம்பஸ் கதை வேற, இங்க ரிக்கன்பேக்கர் ஏர்போர்ட் பக்கம் போனீங்கன்னா தெரியும், கண்ணுக்கு எட்டின தூரம் வேர்ஹவுஸ், எல்லாத்துலயும் ஆன்லைன் ஆர்டர் பார்சல் ஓடிட்டு இருக்கு. நாம அந்தக் கம்பெனிங்களோட போட்டி போட்டு இடம் பிடிக்கணும். ஒரு பேச்சுக்கு 50,000 சதுர அடி, அடிக்கு வருஷம் 6 டாலர்னு வெச்சுக்கோங்க, 3 லட்சம் டாலர் ஆச்சு, அதுக்கு மேல பிராப்பர்ட்டி டாக்ஸ், பில்டிங் இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் வாடகைக்காரர் தலையில வர்ற மாதிரிதான் இந்த லீஸ் எல்லாம் எழுதுவாங்க. டிக்கெட் 30 டாலர்னா வெறும் வாடகைக்கே 10,000 டிக்கெட் விக்கணும். சீசன் 26 வாரம்னா வாரத்துக்கு கிட்டத்தட்ட 385 பேர். இதுல இன்னும் ஒருத்தருக்கும் சம்பளம் குடுக்கல, ஒரு பலகை மாத்தல, ஹீட்டர் போடல.

கட்டட விதி பத்தி யாரும் பேசறதே இல்ல, ஆனா பாதிப் பணம் அங்கதான் போகும். சரக்கு வைக்கிற கட்டடத்துல மக்கள் கூடப் போறாங்கன்னா அதோட வகையே மாறிடும், விளையாட்டு இடம் ஏ-3 அசெம்பிளிங்கற, ஆளுங்க கூடற இட வகையில வரும், 12,000 சதுர அடி தாண்டினாலே ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடிச்சா கூரையிலேர்ந்து தானா தண்ணி தெளிக்கிறது) கட்டாயம். சரி, வேர்ஹவுஸ்ல ஏற்கனவே ஸ்பிரிங்க்ளர் இருக்கேன்னு நிம்மதியா உக்காந்தா அடுத்த இடி, 4 அடிக்கு மேல அகலமா நிரந்தரமா எதைக் கட்டினாலும் அது மேலேர்ந்து வர்ற தண்ணியை மறைக்கும்னு அதுக்குக் கீழயும் ஸ்பிரிங்க்ளர் கேப்பாங்க. பைக் பார்க்குன்னாலே 2க்கு 4 கட்டையில சட்டம் அடிச்சு மேல பிளைவுட் போட்ட அகலமான ரேம்ப்தானே, கீழ எல்லாம் இருட்டா வெத்து இடம், காய்ஞ்ச மரம், தூசி வேற. ஃபயர் ஆபீசர் இடத்துல நான் இருந்தா நானும் விடமாட்டேன். அதனாலதான் சொல்றேன், டிசைன் போடறதுக்கு முன்னாடியே ஃபயர் மார்ஷல் ஆபீசுக்குப் போய்ப் பேசணும், கட்டி முடிச்சுட்டுப் போனா பிரிச்சுக் கட்டத்தான் வேண்டி வரும்.

அடுத்தது அடிபட்டா என்ன ஆகும்ங்கறது. அடிபட்டா கேஸ் போட மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பெரியவங்களுக்கு ஓரளவு சரி, குழந்தைக்கு அப்பா அம்மா போடற கையெழுத்து செல்லுமான்னு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒஹாயோ சுப்ரீம் கோர்ட் 1998ல மென்டர் சாக்கர் கிளப் வழக்குல செல்லும்னு சொல்லுச்சு, ஆனா அந்தத் தீர்ப்போட காரணமே லாபம் பாக்காம வாலண்டியர்ங்க நடத்தற அமைப்புங்க இன்ஷூரன்ஸ் பயத்துல மூடிடக் கூடாதுங்கறதுதான். லாபத்துக்கு நடத்தற கம்பெனி அதை அப்படியே நம்பி உக்கார முடியாது. இதைப் படிச்சதுக்கப்புறம்தான், இங்க வந்தா அது நான்-ப்ராஃபிட்டாதான் வரணும்னு எனக்கு உறுதியா தோணுச்சு.

இனி யார் வருவாங்க? ட்ரெக் மாதிரி பெரிய சைக்கிள் கம்பெனி பின்னால நின்னு, அவங்க சொந்த மாநிலம் விஸ்கான்சின்ல, மில்வாக்கில 2010ல ரேஸோட ரெண்டாவது பார்க் திறந்தாங்க, சில வருஷத்துல மூடிட்டாங்க. போர்ட்லண்ட்ல ஒரு பழைய பௌலிங் ஹால்ல 2012ல வந்த லம்பர்யார்ட்ங்கற பைக் பார்க்கும் இப்போ இல்ல. போர்ட்லண்ட்ல சைக்கிள் ஓட்டறவங்களுக்கா பஞ்சம்? நல்லா ஓட்டத் தெரிஞ்சவன் வெயில் அடிச்சா காட்டுக்குப் போயிடுவான், அதுதான் விஷயம். மே மாசம் மோஹிகன் டிரெயில் காய்ஞ்சு கிடக்கறப்போ யாரு காசு குடுத்து கூரைக்கடியில ஓட்டுவா, நானே போகமாட்டேன்.

ஆனா கிளீவ்லேண்ட் ரேஸ் பார்க்ல நான் கவனிச்சது, எக்ஸ்பர்ட் பக்கம் நாலு பசங்க வரிசையில நின்னு தாவிட்டு இருப்பாங்க, பிகினர் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. என் பொண்ணு பம்ப் டிராக்ல (அலை அலையா சின்ன மேடுங்க இருக்கிற, பெடல் மிதிக்காமலே சுத்தற பாதை) முதல்ல ஒவ்வொரு மேட்டுக்கும் மூச்சு வாங்க பெடல் மிதிச்சிட்டு இருந்தா. பின்னாடி வந்த ஒரு பெரிய பையன் நிறுத்தி, "மிதிக்காத, மேடு இறங்கறப்போ கையால ஹேண்டில்பாரை அமுக்கு, காலை மடக்கி நீட்டு"ன்னு சொல்லிட்டுப் போனான். கொஞ்ச நேரத்துல பெடலே தொடாம ஒரு முழுச் சுத்து வந்துட்டா, பலகை கடகடன்னு அதிர அவ கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு. அந்த ஒரு மணி நேரம் ஓரமா காபியோட உக்காந்திருந்த அப்பா அம்மாங்கதான் வாடகை கட்டறவங்க. இங்க கொலம்பஸை ஒட்டி டப்ளின், பவல் பக்கம் இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்களையே எடுத்துக்கோங்க, வாரா வாரம் ஏதாவது ஒரு டிரம்போலின் பார்க்ல பர்த்டே பார்ட்டி. அதே குழந்தைங்க, அதே சனிக்கிழமை மத்தியானம், ஆனா இதுல ஒரு வித்தை கத்துக்கிட்டுப் போவாங்க, வசந்தம் வந்ததும் வெளிய டிரெயில்லயும் ஓட்டுவாங்க.

அதனால என் கணக்குல 15,000லேர்ந்து 20,000 சதுர அடி போதும். மூடிக் கிடக்கிற கேமார்ட் மாதிரி கடைகள்ல ஒரு பகுதி எடுத்தா பார்க்கிங், பாத்ரூம், எக்ஸிட் கதவு எல்லாம் ஏற்கனவே இருக்கும். கூரை ரொம்ப உயரம் இருக்காது, பெரிய ஜம்ப் போட முடியாது, போடவும் வேணாம். கழட்டி மாட்டற மாடுலர் பம்ப் டிராக் ஒண்ணு, தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல பலகைப் பாதை ஒரு லூப், ஸ்கில்ஸ் கத்துக்குடுக்க வெறும் தரை கொஞ்சம். வாடகைக்கு 20, 24 இஞ்ச் பைக்கும் ஹெல்மெட்டும் கட்டாயம் வேணும், ஏன்னா வர்ற குழந்தைங்க பாதிப் பேர்கிட்ட பைக்கே இருக்காது. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மட்டும் திறந்தா போதும், டிராக்கைக் கழட்டி கோடையில பள்ளிக்கூடங்களுக்கு வாடகைக்கு விடலாம்.

இதுக்கும் நேரா 5 வருஷ லீஸ்ல கையெழுத்துப் போடச் சொல்லல. முதல்ல ஒரே ஒரு குளிர்காலத்துக்கு ஷார்ட் டெர்ம் லீஸ், பம்ப் டிராக் மட்டும், அதையும் வாங்காம வாடகைக்கு எடுத்து வெச்சுப் பாக்கணும். இடம் தேடறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கிட்ட விலை கேக்கணும், அந்த நம்பர் மட்டும் தாறுமாறா வந்துச்சுன்னா மத்த கணக்கு எதையும் போட வேண்டியதில்ல. அடுத்த வாரம் ரெண்டு ஏஜென்ட்டைப் பாக்கறதா இருக்கேன். கொலம்பஸ்ல இருக்கீங்க, 6லேர்ந்து 12 வயசுல குழந்தை இருக்குன்னா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, பைக், ஹெல்மெட் எல்லாம் சேத்து ரெண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க?