ஈவும் மீதியும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. விடுதிச் சாப்பாட்டைத் திட்டி எழுத ஒரு படையே இருக்கிறது. தேவாலய வாழ்க்கையைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லையாம். எனக்கு அதில் தெரிந்தது ஒரு பலாப்பழம் மட்டுமே. அதற்கும் முன்னால் ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது.

1966இல் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி விடுதிக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் சைவப் பையன். அதிகாலையில் கிணற்றடியில் நின்று தேவாரம் பாடுவான். குரலுக்குப் பயந்து காகம் பறக்கும் என்று நாங்கள் கேலி செய்தாலும், உண்மையில் அவனுக்கு நல்ல குரல். கணக்கில் வகுப்பிலேயே முதல்வன். வேதபாட வகுப்பிலும் தன் விருப்பத்தோடு வந்து உட்காருவான். அங்கே கேள்வி கேட்டால் அடி விழாது என்பது அவன் கண்டுபிடிப்பு.

ஒருநாள் எபேசியர் நிருபத்தில் ஒரு வசனத்தை மனனம் செய்யச் சொன்னார் ஆசிரியர். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று வந்து, "இது தேவனுடைய ஈவு" என்று முடிகிற வசனம். அதற்கு முந்திய பாடவேளையில்தான் நெடும்பிரித்தல் கணக்குச் செய்து களைத்திருந்தோம். இவன் கை உயர்த்தினான்.

"சேர், ஈவு இருந்தால் மீதியும் இருக்க வேண்டுமே. மீதி எவ்வளவு?"

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "தம்பி, கணக்கில் ஈவு என்பது இத்தனை பேருக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு வருவது. இது ஈதல். ஆளுக்கு இவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை" என்றார். நண்பன் உட்கார்ந்தான். திருப்தி அடையவில்லை என்பது அவன் காது சிவந்திருந்ததில் தெரிந்தது.

எங்கள் கல்லூரி 1872இல் தொடங்கியது. அதற்கு முன்னே அதே மண்ணில் 1823இல் அமெரிக்க மிஷன் நிறுவிய செமினரி இருந்தது. இவையெல்லாம் மலரின் முதல் பக்கத்தில் ஆண்டுதோறும் வருகிற விவரங்கள். நான் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. 1960இல் அரசு பாடசாலைகளைக் கையேற்றபோது எங்கள் கல்லூரி தனியாகவே நின்றது, கட்டணமும் வாங்காமல். ஆகவே காசு எப்போதும் தட்டுப்பாடுதான். ஒல்லாந்தர் காலத்துத் தடித்த சுவர்களைக் கொண்ட தேவாலயத்திலும் அப்படியே. ஓடு மாற்ற வேண்டும் என்றால் அறுப்புப் பண்டிகை ஏலத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாகக் கோயிலுக்கு நடப்போம். பாட்டுகளில் இரண்டு சாதி உண்டு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகள் ஒன்று. ஆங்கில மெட்டில் தமிழைத் திணித்த ஞானப்பாட்டுகள் மற்றது. கீர்த்தனை என்றால் நண்பன் கூடவே வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவான். ஞானப்பாட்டு வந்தால் முகத்தைச் சுளிப்பான். மெட்டுக்காகக் குறிலை இழுத்து நெடிலாக்கி, 'கிருபை'யை 'கிரூபை' என்று ஐம்பது பேர் சேர்ந்து பாடுவதை அவனால் தாங்க முடிவதில்லை. "உங்கள் கடவுள் மன்னிப்பார், தொல்காப்பியர் மன்னிக்க மாட்டார்" என்பான். இன்றைக்கும் அந்தப் பாட்டு வரும்போது நான் அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

1947இல் உருவான தென்னிந்திய திருச்சபையில், கடலைத் தாண்டி இலங்கையில் இருந்த ஒரே மறைமாவட்டம் எங்களுடையது. அந்தச் சபையின் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுப்பது என்று ஒன்று உண்டு. போதகரிடமிருந்து தொடங்கும். கொடுப்பவர் தமது வலது உள்ளங்கையை மற்றவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க, இருவரும் இடது கையால் மற்றவர் கையை மூடிக்கொள்வார்கள். அவர் திரும்பி அடுத்தவருக்கு, அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு என்று வாங்கு வாங்காகப் பின்னால் போகும்.

ஊரில் எங்கள் சிறு கோயிலிலும் அது இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே சமாதானம் நான்காவது வாங்கு வரை போகும். நான்காவது வாங்குக்கும் ஐந்தாவது வாங்குக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த இடத்தில் எல்லோருக்கும் திடீரென்று பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேட வேண்டிய வேலை வந்துவிடும். ஐந்தாவது வாங்கில் இருந்தவர்கள் யார் என்று யாழ்ப்பாணத்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் தங்களுக்குள்ளேயே புதிதாக ஒரு சமாதானத்தைத் தொடங்கிக்கொள்வார்கள். என் அம்மம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு முட்டியில் போட்டு, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறவர். மழையிலும் ஒரு ஞாயிறு தவறாதவர். நான்காவது வாங்கின் ஓரத்தில்தான் இருப்பார். அவரும் திரும்பியதில்லை. அவருடைய கை என் கையை மூடியிருந்த சூடு இன்னும் நினைவிருக்கிறது. அதே கை பின்னால் நீளாமல் மடியில் கிடந்ததும் நினைவிருக்கிறது.

பலாப்பழத்துக்கு வருகிறேன்.

விடுதிக்கு வந்த அடுத்த ஆண்டு அறுப்புப் பண்டிகை. ஆராதனை முடிந்து மாமர நிழலில் ஏலம். நெல், வாழைக்குலை, முருங்கைக்காய்க் கட்டு, யாரோ கொண்டுவந்த ஒரு சேவல். நடுவே சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த வருக்கன் பலாப்பழம், பருவத்துக்கு முந்தியது. அதன் மணம் கூட்டத்தின் பின்வரிசை வரை வந்தது. இரண்டு ரூபாவில் தொடங்கி, இரண்டு பெரியவர்களின் பிடிவாதத்தில் பத்து ரூபாவுக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு அந்தக் காசுக்குச் சந்தையில் அதைப் போல நான்கைந்து வாங்கலாம். அந்த நேரம் என் பிடரியில் ஒரு முசுறு கடித்தது. கையைத் தூக்கினேன்.

"பதினொன்று! விடுதித் தம்பி பதினொரு ரூபா! ஒருதரம், இரண்டுதரம்..."

பெரியவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். மூன்றுதரம் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. என் காற்சட்டைப் பையில் ஒரு ரூபா எழுபத்தைந்து சதம் இருந்தது. மாதம் முழுவதற்கும் அதுதான். முசுறு என்று சொல்ல வாய் வரவில்லை. பழத்தைத் தூக்கி என் கையில் வைத்தார்கள். முள் குத்த, பால் சட்டையில் ஒட்ட, காசு வாங்கும் மேசைக்கு நடந்தேன். கொப்பியை வைத்திருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "கொண்டு போம் தம்பி, காசு வந்துவிட்டது" என்றார்.

யார் கொடுத்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். சட்டம்பியார் போலக் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். ஊதா மையில் எழுதியிருந்தது: பலாப்பழம், 11.00, பெறப்பட்டது. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சிறு கோடு.

விடுதியில் எங்கள் மண்டபத்தில் இருபத்து நான்கு பேர். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நண்பன்தான் பழத்தைப் பிளந்தான். சுளைகளை ஒரு தாம்பாளத்தில் எண்ணி அடுக்கினான். எண்பத்தேழு. "ஈவு மூன்று, மீதி பதினைந்து" என்று அறிவித்தான். ஆளுக்கு மூன்று வழங்கப்பட்டது. மீதியைப் பழத்துக்குரியவன் வைத்திருக்கலாம் என்றும் காலையில் முடிவு செய்யலாம் என்றும் தீர்மானம் நிறைவேறியது. காலையில் தாம்பாளம் வெறுமையாக இருந்தது. மரநாய் என்று நான் சொன்னேன். மரநாய் கொட்டையை வரிசையாக அடுக்கிவைத்துவிட்டுப் போகாது என்று அவன் சொன்னான்.

இனிப்பு இரண்டு நாளில் போய்விட்டது. பதினொரு ரூபா போகவில்லை. விடுதி மேலாளரிடம் கேட்டேன், நானில்லை என்றார். போதகர் ஐயாவிடம் கேட்டேன், "ஏன், பழம் நன்றாக இல்லையா?" என்றார். ஏலத்தில் எதிர்த்து நின்ற பெரியவர்கள் இருவரில் ஒருவராக இருக்கலாம் என்று அவர்கள் முகத்தை ஞாயிறு தோறும் ஆராய்ந்தேன். கோயிலில் யாரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று வணக்கம் சொல்லத் தொடங்கினேன். கூட்டிப் பெருக்குகிறவருக்கும் சொன்னேன். மரியாதை தெரிந்த பிள்ளை என்று எனக்குப் பெயர் வந்தது அந்த ஆண்டில்தான். காரணம் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு காணிக்கைப் பையில் ஐம்பது சதம், ஒரு ரூபா என்று போடத் தொடங்கினேன். பதினொன்று சேர எட்டு மாதம் பிடித்தது. நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். "தந்தவனுக்குக் கொடுக்காமல் வேறொருவனுக்குக் கொடுத்தால் கடன் எப்படித் தீரும்? கணக்கில் இதற்கு வழி இல்லை மச்சான்" என்றான்.

அவன் வீட்டில் சமய நூல்கள் நிறைய. குரங்குக் குட்டி, பூனைக் குட்டி நியாயத்தை அவன்தான் எனக்குச் சொன்னான். வைணவத்தில் வடகலையார் குரங்கைச் சொல்வார்கள்: குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனையைச் சொல்வார்கள்: தாயே கவ்வித் தூக்கிப் போகும், குட்டி சும்மா இருந்தால் போதும். ஏலத்தில் நான் பூனைக்குட்டி என்று தீர்ப்புச் சொன்னான். "ஆனால் ஒன்று, கவ்வும்போது பல் படாமலா இருக்கும்?" என்றும் கேட்டான்.

எங்கள் காலத்தில் பேராயராக இருந்த சபாபதி குலேந்திரன் இதைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கிறிஸ்தவத்தின் கிருபையையும் இந்து சமயங்களின் அருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராயும் அந்த ஆங்கில நூல் 1964இல் லண்டனில் வெளியானது. நான் அதை லண்டனிலேயே, பழைய புத்தகக் கடையொன்றில், முப்பது வயதுக்குப் பிறகு வாங்கினேன். பூனையும் குரங்கும் அதில் இருந்தன. சைவ சித்தாந்தமும் இருந்தது. எல்லாம் ஒன்றுதான் என்று அவர் மழுப்பிவிடுவதில்லை. எனக்கு அது பிடித்தது. பலாப்பழத்துக்கு மட்டும் அதில் இடம் இல்லை.

உயர்தரத்தில் கணக்கில் நண்பன் எடுத்த புள்ளி எனக்குக் கனவிலும் வராதது. பல்கலைக்கழக அனுமதியில் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவருக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்திய தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்த ஆண்டுகள் அவை. வெட்டுப்புள்ளிக்குச் சிறிது கீழே நின்று பொறியியல் அவனுக்குக் கைநழுவியது. எனக்கோ, அவனைவிடக் குறைந்த புள்ளிக்காரனுக்கு, மாமா லண்டனிலிருந்து டிக்கெட் அனுப்பினார். பலாலியில் என்னை வழியனுப்ப வந்தவன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் அவன் என்னை அடித்திருப்பான். ஈவு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் முதலில் வருவது மகிழ்ச்சி அல்ல, அந்த நடைதான்.

அவன் கணக்கு ஆசிரியராகி ஊரிலேயே இருந்துவிட்டான். 1995 ஒக்டோபர் கடைசியில், போரின் நடுவே, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அவனும் மழையில் மனைவி பிள்ளைகளோடு நடந்தான். சாவகச்சேரிக்கு அப்பால் முன்பின் அறியாத ஒரு வீட்டுத் திண்ணையில் ஐந்து மாதம் இருந்தார்கள். திரும்பும்போது அந்த வீட்டு அம்மா வாடகை என்ற சொல்லையே வாயில் எடுக்க விடவில்லையாம். வழிநடைக்கு ஒரு பலாப்பழமும் தந்து அனுப்பியிருக்கிறார். "இப்போது உன் தொல்லை எனக்குப் புரிகிறது மச்சான்" என்று சில ஆண்டுகளுக்குப் பிறகு தொலைபேசியில் சொன்னான். வேறு விளக்கம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே எங்கள் தமிழ்ச் சபை ஓர் ஆங்கிலேயக் கோயிலை ஞாயிறு பிற்பகல்களில் வாடகைக்கு எடுத்து ஆராதிக்கிறது. சமாதானம் கொடுக்கும் நேரம் இப்போது ஒரே கலகலப்பு. எல்லோரும் இடம் விட்டு எழுந்து குறுக்கும் நெடுக்குமாகப் போய்க் கைகுலுக்குகிறார்கள். வாங்குகள் இருக்கின்றன, வரிசை இல்லை. சத்தம் அதிகம் என்று சில மூத்தவர்கள் குறைப்படுகிறார்கள். நான் எழுந்து கடைசி வாங்கு வரை போய் வருகிறேன். அம்மம்மாவின் பங்கையும் சேர்த்துக் கொடுப்பதாக ஒரு எண்ணம். இதற்கும் கணக்கில் வழி இருக்காது.

சென்ற வைகாசியில் மானிப்பாயிலிருந்து அவன் பேசினான். எழுபது வயதாகிறது, பேரப்பிள்ளைக்கு நெடும்பிரித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தானாம். நலம் விசாரிக்காமலே கேட்டான்: "அந்தப் பதினைந்தும் எங்கே போயிற்று?"

மலர் அச்சானதும் வழக்கம் போல ஒரு பிரதியை அவனுக்குத் தபாலில் அனுப்புவேன். ஆகவே எழுதிவிடுகிறேன். பதினைந்தையும் நானே தின்றேன், கிணற்றடியில், இருட்டில். கொட்டையை அடுக்கியது மட்டும் ஏன் என்று தெரியவில்லை.