அம்மாயியின் புளியங்கொட்டைகள்: ஆறாவது வாரம்

போன மாசியில் அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயி, காலமான பிறகு, சமையற்கட்டுப் பரணில் இருந்த பால்மா பேணியை அம்மா என்னிடம் கொடுத்தார். உள்ளே கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைகள். இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரன் டெஸ்ட் கிரிக்கெட் போட்டியில் ஒரு விக்கெட் எடுத்தால் பேணியில் ஒரு கொட்டை விழும். 1992 ஓகஸ்டில் அவருடைய முதல் போட்டிக்கு மூன்று கொட்டைகளில் தொடங்கி, 2010 ஜூலையில் காலி நகரில் அவர் விடைபெற்ற நாள் வரை அம்மாயி இந்தக் கணக்கை விடவில்லை. பகலில் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். நிறுவைக்கு வரும்போது யாரிடமாவது கேட்பார், இரவு வானொலிச் செய்தியில் உறுதி செய்துகொள்வார், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேணியைத் திறப்பார். லயத்தில் ஒரே காம்பராவில் ஐந்து பிள்ளைகளை வளர்த்து, ஐவரையும் சாதாரண தரம் வரை படிக்க வைத்தவர். அவர் தனக்கென்று வைத்துக்கொண்டது இந்தப் பேணி ஒன்றைத்தான்.

அந்தக் கணக்கை ஒரு போர்வையில் தைத்து வைக்கலாம் என்று தொடங்கினேன். ஒரு கொட்டைக்கு ஒரு முடிச்சுத் தையல், ஒரு போட்டிக்கு ஒரு வரி.

முதலில் அவருடைய கம்பளியில்தான் தைக்க ஆசைப்பட்டேன். மழையில் தலையில் போட்டுக்கொண்டு மலையேறிய கம்பளி அது. ஆனால் முடிச்சுகள் அதன் மயிருக்குள் புதைந்து காணாமல் போயின, இரண்டு ஊசிகளும் முறிந்தன. அதனால் கம்பளியை மடித்து வைத்துவிட்டு, அவருடைய நீல நூல் சேலையை நான்காக மடித்து ஓரம் தைத்துக்கொண்டேன். சேலையை வெட்ட அம்மா சம்மதிக்கவில்லை. எனக்கும் மனம் வரவில்லை.

ஆறு இழை நூலில் இரண்டு இழை எடுத்துத் தைத்தபோது முடிச்சு கடுகளவுதான் வந்தது. நான்கு இழை எடுத்து, ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் கொட்டையை நினைவூட்டும் அளவுக்குப் புடைத்து நிற்கிறது. ஊசி மேலே வந்த அதே துளையில் திரும்பக் குத்தினால் முடிச்சு பின்பக்கம் நழுவிவிடும், ஓரிழை தள்ளிக் குத்த வேண்டும். இது பிடிபட மூன்று மாலைகள் ஆயின. வரிக்கு வரி ஒன்றேகால் சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். காலைக் குளிரில் விரல் மரத்துப்போவதால் மதியத்துக்குப் பிறகுதான் உட்காருகிறேன்.

தைப்பதற்கு முன் கொட்டைகளை எண்ணினேன். 795. மறுபடி எண்ணியும் 795தான். முரளியின் கணக்கோ 800. ஐந்து தொலைந்துவிட்டன என்று பரண் முழுக்கத் தேடினேன். பிறகுதான் அம்மா சொன்னார். 2005 ஒக்டோபரில் சிட்னியில் உலக அணிக்காக அவர் ஆடிய போட்டியில் எடுத்த ஐந்து விக்கெட்டுகளை அம்மாயி சேர்க்கவே இல்லையாம். “நம்ம நாட்டுக்கு எடுத்தால்தான் கொட்டை” என்றாராம். அந்த ஐந்தை வேறு நிறத்தில் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை, இது அம்மாயியின் கணக்கு. 795 முடிச்சு, 132 வரி.

1998இல் ஓவலில் எடுத்த 16 விக்கெட்டுகளின் வரிதான் இதுவரை நீளமானது. இங்கிலாந்தில் பகல் என்றால் நமக்கு மாலையும் இரவும். அதனால் அந்தப் போட்டியை வேலை முடிந்து வந்து வானொலியருகிலேயே அமர்ந்து கேட்டாராம். அந்த வரியைத் தைத்த அன்று நானும் இரவு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அவர் நேரில் பார்த்தது ஒரே ஒரு போட்டியை. 2007 டிசம்பர் 3ஆம் திகதி மாமா அவரை ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார். முந்தானையில் பத்துக் கொட்டைகளை முடிந்து கொண்டு போயிருந்தாராம். அங்கே அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் கொலிங்வுட்டின் ஸ்டம்ப் சாய்ந்து 709ஆவது விக்கெட் விழுந்து, உலக சாதனை முரளியுடையதானபோது, கூட்டத்தோடு எழுந்து நிற்காமல் குனிந்து ஒரு கொட்டையை எடுத்து மறு நுனியில் முடிந்தாராம். மாமா இன்றும் அதைச் சொல்லும்போது கண் கலங்குகிறார். அந்த முடிச்சுக்குச் சிவப்பு நூல் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த வரிக்குப் போக இன்னும் பல வாரங்கள் ஆகும்.

இந்த வாரம் நானூறை நெருங்கியிருக்கிறேன். ஊசியில் இருப்பது 2002 ஜனவரி, அதே அஸ்கிரிய, சிம்பாப்வேக்கு எதிரான போட்டி. ஒரு இன்னிங்ஸில் விழக்கூடிய பத்து விக்கெட்டில், முதல் நாளில் மட்டும் முரளி ஒன்பதை எடுத்தார். பத்தாவதும் அவருக்கே என்று அம்மாயி அன்றிரவே ஒரு கொட்டையை எடுத்து வானொலியின் மேல் வைத்திருந்தாராம். மறுநாள் அது சமிந்த வாஸுக்குப் போனது. அம்மாயி அந்தக் கொட்டையை எடுத்துப் புளிப்பானையிலேயே திரும்பப் போட்டுவிட்டார் என்கிறார் அம்மா.

அந்த வரியில் ஒன்பது முடிச்சுகளை முடித்துவிட்டேன். இரண்டாவது இன்னிங்ஸின் நான்கு முடிச்சுகளைத் தொடங்கும் முன், ஒரு முடிச்சுக்கான இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன்.