ஒரே ஆளுக்கு ஹேவ்

“ஆளு ஒண்ணுதானண்ணே, அப்புறம் எப்படி ஹேவ் வரும்?” ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டது இவ்வளவுதான்.

கிளையண்ட் பக்கம் ஒருவர், தன்னை ஹீ என்றோ ஷீ என்றோ சொல்ல வேண்டாம், தே (they) போதும் என்று மெயிலில் பெயருக்குக் கீழேயே போட்டிருப்பார். (தமிழில் எழுதினால் ‘அவர்’ தானாக வந்து விழுகிறது, தொல்லையே இல்லை.) அவர் ஒரு பில்லை ஓகே பண்ணியதை எங்கள் பேமெண்ட் டீமுக்குச் சொல்ல, தம்பி ‘தே ஹேஸ் அப்ரூவ்டு’ என்று எழுதி என்னிடம் காட்டினான். ஹேஸை அழித்து ஹேவ் போட்டேன்.

விளக்கமும் கொடுத்தேன். யூ ஒரு காலத்தில் பன்மைக்கு மட்டும்தான். இன்றைக்கு எதிரே நிற்பது ஒரே ஆள் என்றாலும் யூ ஆர்தான். தேயும் அப்படித்தான். பெயரைப் போட்டால் ஹேஸ், தே போட்டால் ஹேவ். “நாமளும் ‘சார் வந்தாவ’ன்னுதானல சொல்லுதோம், சார் எத்தன பேரு?” என்றேன். (வந்தாவ என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் வந்தார்கள்; மரியாதைக்கும் அதுதான், பன்மைக்கும் அதுதான்.) சிரித்துவிட்டான். 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி தேயைத்தான் ஆண்டின் சொல்லாக அறிவித்தது என்று வேறு சேர்த்துக்கொண்டேன். தேவையே இல்லாத பேச்சு.

அந்தத் தொகைக்கு இரண்டு பேர் ஓகே சொல்ல வேண்டும். ‘தே ஹேவ்’ என்றதும் இரண்டு பேரும் சொல்லியாயிற்று என்று பணத்தை விட்டுவிட்டார்கள்.

ஹேஸ் என்றே விட்டிருந்தால்? தப்பான இங்கிலீஷ்தான். ஆனால் படிக்கிறவர் ஒரு நிமிஷம் தயங்கியிருப்பார். இல்லை, எழுத்துப்பிழை என்று தாண்டியும் போயிருப்பார். இலக்கணம் என் பக்கம், அதில் சந்தேகமில்லை. பெயரையே போடச் சொல்லியிருக்கலாம்.

ஆபீஸ் வேன் தாழையூத்து தாண்டும்போது ஒருநாள் உறைத்தது. “ஊர்லேருந்து வந்தாவ” என்று அம்மா சொன்னால், “எத்தன பேரும்மா?” என்று நானே கேட்பேன். “மாமா மட்டுந்தான்” என்பாள். தம்பிக்குச் சொன்ன உதாரணத்திலேயே வில்லங்கம் இருந்திருக்கிறது.

மெயில் போனது அவன் ஐடியில். மீட்டிங்கில் “இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு” என்றேன். யார் திருத்தியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவனும் சொல்லவில்லை.

இப்போது அவன் மெயிலில் தேயே வருவதில்லை. மூன்று வரி என்றால் மூன்றிலும் பெயர்தான். படிக்கக் கொஞ்சம் முட்டத்தான் செய்கிறது. சொல்லலாம்தான், ஆனால் அவன் இப்போதெல்லாம் என்னிடம் காட்டுவதில்லை.