லேப்டாப்பைத் திறந்தால் டெபிட் நோட் யாருக்கு?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர், சர்வர், சிசிடிவி எல்லாம் என் தலையில்தான். அதனால் சொந்தபந்தத்தில் யார் லேப்டாப் வாங்கினாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "எட்டு ஜிபி பத்தலைங்க, இன்னொரு ரேம் போட்டா வாரண்டி போயிருமுங்களா?"

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் சுற்றுகின்றன. கடைக்காரரைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, நாங்க டெய்லி போடறோம்" என்பார். கஸ்டமர் கேரைக் கேட்டால், "எங்க சர்வீஸ் சென்டரைத் தவிர வேற யார் திறந்தாலும் வாரண்டி கிடையாது சார்" என்று ஒப்பிப்பார்கள். முன்னவருக்கு ரேம் விற்க வேண்டும், பின்னவருக்கு வம்பில்லாமல் போனை வைக்க வேண்டும். வாரண்டி வாசகத்தை உட்கார்ந்து படித்தால் பெரும்பாலும் இந்த இரண்டுமே அதில் இருக்காது.

எங்கள் தொழிலில் பையர் ஒரு லாட்டைக் குறை சொல்லித் திருப்பினால், மொத்தத்தையும் ஒருவர் தலையில் கட்டுவதில்லை. துணியில் ஓட்டை என்றால் நிட்டிங்காரர். ஷேடு மாறியிருந்தால் டையிங். தையல் விட்டிருந்தால் ஸ்டிச்சிங் யூனிட். தப்பு எங்கே நடந்ததோ அந்த முகவரிக்குத்தான் டெபிட் நோட், அதாவது நஷ்டத்தைப் பிடித்துக்கொள்ளும் சீட்டு, போகும். லேப்டாப் வாரண்டியின் கணக்கும் இதுதான். கம்பெனி வைத்த மதர்போர்டு, திரை, கீபோர்டுக்குக் கம்பெனி பொறுப்பு. நீங்கள் தனியாக வாங்கிப் போட்ட ரேமுக்கு அந்த ரேம் கம்பெனி பொறுப்பு. போடும்போது உங்கள் ஸ்க்ரூடிரைவர் சறுக்கி போர்டில் கீறல் விழுந்தால் அது உங்கள் கணக்கு. ஆகவே "வாரண்டி போகுமா" என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எந்தப் பாகத்தின் வாரண்டி, அதை வைத்தது யார், பழுதுக்கும் நீங்கள் கைவைத்த இடத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

பதிலில் பாதியைக் கம்பெனிகளே எழுதி வைத்திருக்கின்றன. லெனோவோ திங்க்பேட் மாடல்களுக்கு ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவல் என்று ஒரு பிடிஎஃப் இருக்கும். எந்தப் பாகத்தை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் குறித்திருப்பார்கள். அப்படிப்பட்ட பாகத்தை சர்வீஸ் ஆட்கள் சிஆர்யூ என்பார்கள். டெல் தன் சர்வீஸ் மேனுவலில் எந்த ஸ்க்ரூ எங்கே என்பதுவரை படம் போட்டுக் காட்டுகிறது. ஹெச்பியின் கைடில் இரண்டு பிரிவுகள்: வாடிக்கையாளர் தானே மாற்றக்கூடியவை, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் ஆள் மட்டும் தொட வேண்டியவை. இரண்டாவது பிரிவில் நீங்களாகக் கைவைத்தால் வாரண்டி போகலாம் என்று அங்கேயே எச்சரிக்கையும் இருக்கும். எந்தப் பாகம் எந்தப் பிரிவில் வரும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பக்கத்து வீட்டுப் பையன் போட்டான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் லேப்டாப்புக்குச் சான்று ஆகாது. லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, அந்த மேனுவலை இறக்கிப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். படித்தால் இன்னொரு லாபம், ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, ஸ்லாட் உண்டா என்பது அப்போதே தெரிந்துவிடும். மெல்லிசான லேப்டாப் பலவற்றில் இப்போது ஸ்லாட்டே கிடையாது. வாரண்டியைப் பற்றிக் கவலைப்படக்கூட அங்கே இடமில்லை.

ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் "கிழித்தால் வாரண்டி ரத்து" ஸ்டிக்கரைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவில் 1975-லேயே மேக்னசன்–மாஸ் வாரண்டி சட்டம் வந்துவிட்டது. வாரண்டி வேண்டுமென்றால் எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும், எங்களிடம்தான் பழுது பார்க்க வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை போட முடியாது என்பது அதன் சாரம். அதை வைத்துத்தான் அங்கே வணிகத்தைக் கண்காணிக்கும் எஃப்டிசி, 2018 ஏப்ரலில் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ, ஏசுஸ், ஹெச்டிசி, ஹூண்டாய் ஆகிய ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2024 ஜூலையில் ஏஎஸ்ராக், ஜிகாபைட், சோட்டாக் போன்றவற்றுக்கும் ஸ்டிக்கர் விஷயமாகக் கடிதம் போனது. யூடியூபில் "ஸ்டிக்கர் செல்லாது, தைரியமா கிழிங்க" என்று முழங்குகிறவர்கள் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சட்டம் திருப்பூருக்குச் செல்லாது என்பதை மட்டும் சொல்வதில்லை.

நமக்கு இருப்பது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். லேப்டாப் ஸ்டிக்கருக்கென்று தனியாக ஒரு வரி அதில் கிடையாது. சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக முறை என்ற பொதுவான தலைப்புகளில்தான் போராட வேண்டும். பழுது பார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. 1915 என்ற உதவி எண் இருக்கிறது. 5 லட்ச ரூபாய்க்குள் வாங்கிய பொருள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் லேப்டாப் நாளைக் காலை வேண்டும் என்கிறவருக்கு ஆணையம் எந்த மூலைக்கு? காகிதத்தை முதலிலேயே ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

என் அக்கா மகள் விஷயத்தில் அந்தக் காகிதம்தான் வேலை செய்தது. கோவையில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது காந்திபுரத்தில் ஒரு கடையில் லேப்டாப் எடுத்தோம். கடையில் எழுதியிருந்தது 16 ஜிபி. பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் 8 ஜிபி. கடைக்காரரே பெட்டியைப் பிரித்து, காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டு விற்கிறார். இது ஏமாற்று வேலை இல்லை, ஊரெல்லாம் நடப்பதுதான். ஆன்லைனில் விற்பவர்கள்கூட இப்படிச் செய்கிறார்கள். ஆனால் பில்லில் "லேப்டாப் 16 ஜிபி" என்று ஒரே வரி. கம்பெனி வாரண்டி 8-க்குத்தான், மீதி 8-க்கு யார் என்று அந்த வரியில் இல்லை. தனித்தனி வரியாகப் பிரித்து, லேப்டாப்பின் சீரியல் நம்பரையும் ரேமின் சீரியல் நம்பரையும் எழுதித் தரச் சொன்னேன். "பில்லு போட்டாச்சுங்களே அண்ணா" என்று இழுத்தார். டீ வரச் சொல்லிவிட்டு, கடைசியில் மாற்றிக் கொடுத்தார்.

வாரண்டி முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது சார்ஜ் ஏறாமல் போனது. சர்வீஸ் சென்டரில் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்ததும், "சார், உள்ள தேர்டு பார்ட்டி ரேம் இருக்கு. சிஐடி போட்டுருவாங்க" என்றான். வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் குறியீடு அது. ஜாப் ஷீட்டில் அது ஏறிவிட்டால் அப்புறம் எஸ்டிமேட்தான். போர்டு மாற்றும் செலவு, புது லேப்டாப் விலையில் பாதியைத் தொடும்.

"போடுங்க தம்பி. எந்த இடத்துல என்ன சேதம்னு எழுதி, போட்டோவும் சேர்த்துருங்க. அதுக்கு முன்னாடி அந்த ரேம் ஸ்டிக்கைக் கழட்டிட்டு, கம்பெனி ரேம் மட்டும் வச்சு ஒருதடவை சார்ஜ் ஏறுதான்னு பாத்துருங்க" என்றேன். பில்லையும் மேசைமேல் வைத்தேன். உள்ளே எடுத்துப் போனான். கொஞ்ச நேரத்தில் இன்ஜினியரே வந்தார். ரேமைக் கழற்றினாலும் சார்ஜ் ஏறவில்லை, ஸ்லாட் பக்கம் கருகலோ கீறலோ இல்லை, பழுது சார்ஜிங் பகுதியில் என்றார். ஜாப் ஷீட்டில் சிஐடி ஏறவில்லை. வாரண்டியிலேயே போர்டு மாறியது. ரேம் ஸ்டிக்கை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்கள். "நீங்க சண்டை போடுவீங்கன்னு நெனச்சேன் மாமா" என்றாள் அக்கா மகள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அந்த ஸ்லாட் பக்கம் கருகியிருந்தால் நான் ஒன்றும் பேசியிருக்க முடியாது. அதனால் திறக்கிற விதம் முக்கியம். நான் முதலில் செய்வது பேட்டரியைத் துண்டிப்பது. திங்க்பேடில் பயாஸுக்குள் (விண்டோஸ் வருமுன் திறக்கும் செட்டிங் திரை) போய் உள் பேட்டரியை முடக்க ஒரு வசதியே இருக்கிறது. மற்றவற்றில் அடிப்பலகை வந்தவுடன் பேட்டரி கனெக்டரை மெல்லக் கழற்றிவிட்டுத்தான் மீதி வேலை. "ஷட்டவுன் பண்ணிட்டேனே" என்பது போதாது, போர்டில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம் ஸ்க்ரூ. ஒரே லேப்டாப்பில் இரண்டு மூன்று நீளங்களில் ஸ்க்ரூ இருக்கும். குட்டை ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் நீளமானதை முறுக்கினால் மேலே கைவைக்கும் இடம் புடைத்து நிற்கும். அதைப் பார்த்ததும் டெக்னீஷியனுக்கு வேறு சாட்சியே வேண்டாம். ஏ4 தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்தில் தாளில் குத்தி வைத்துவிடுவேன். சில மாடல்களில் ரப்பர் காலுக்கு அடியிலும் ஒன்று ஒளிந்திருக்கும். அது தெரியாமல் நெம்பினால் கிளிப் உடையும்.

ரேம், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) தாண்டிப் போகிறவர்களுக்கு என் அறிவுரை வேறு: வாரண்டிக் காலத்தில் வேண்டாம். சூட்டைக் குறைக்க சிபியு மேல் லிக்விட் மெட்டல் தடவுகிற மோகம் கேமிங் பையன்களிடம் இருக்கிறது. அதில் இருப்பது காலியம் கலந்த உலோகம். மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி வழிந்தால் போர்டு காலி. ஏசுஸ் தன் ஆர்ஓஜி லேப்டாப் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே அதைத் தடவி விற்கிறது, அது வழிந்தால் அவர்கள் பொறுப்பு. அதையே நீங்கள் தடவினால் உங்கள் பொறுப்பு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பேட்டரியும் இந்த ரகம்தான். உப்பிப் போய் டச்பேடைத் தூக்கினால் கம்பெனியிடம் போய் நிற்க முடியாது.

எஸ்எஸ்டி மாற்றுவது மட்டும் எனக்குப் பிடித்த வேலை. காரணம் வேகமோ இடமோ இல்லை. லேப்டாப்போடு வந்த டிரைவை அப்படியே எடுத்து, லேபிள் ஒட்டி, பில்லோடு வைத்துவிட்டால், சர்வீஸுக்குக் கொடுக்கும் நாளில் நம் டிரைவைக் கழற்றிப் பழையதைப் போட்டு அனுப்பலாம். காஸ்டிங் ஷீட்டும் வீட்டுப் போட்டோவும் நம் மேசை டிராயரில் இருக்கும், லேப்டாப் மட்டும் போய் வரும். வாரண்டியில் டிரைவை மாற்றித் தரும்போது பழுதான டிரைவைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. டிரைவை நம்மிடமே விட்டுவைக்க டெல், லெனோவோ எல்லாம் தனிக் காசு வாங்கிக்கொண்டு ஒரு சேவை விற்கின்றன. விண்டோஸ் பற்றிப் பயம் வேண்டாம். கம்பெனி போட்டுத் தந்த விண்டோஸின் கீ, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே எடிஷனைப் புது டிரைவில் ஏற்றினால் தானே எடுத்துக்கொள்ளும். கழற்றுவதற்கு முன், டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரிகவரி கீயை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, லேப்டாப்புக்கு ஒரு வருடம்தான் வாரண்டி என்றால், நல்ல எஸ்எஸ்டிக்கு 5 வருடம் வரை கிடைக்கும். பல ரேம் கம்பெனிகள் ஆயுள்கால வாரண்டி தருகின்றன. பில்லைத் தொலைத்தால் அதுவும் போச்சு.

அலுவலகத்துக்கு வாங்கும்போது நான் இந்த வேலையே செய்வதில்லை. ஆர்டர் போடும்போதே 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று தொழிற்சாலையில் வைத்து அனுப்பச் சொல்லி, இன்ஜினியர் நம் இடத்துக்கே வரும் மூன்று வருட ஆன்சைட் வாரண்டியும் சேர்த்துவிடுவேன். கடையில் ரேம் வாங்குவதைவிடக் கூடத்தான் ஆகும், முதலாளியும் கேட்பார். ஷிப்மென்ட் வாரத்தில் மெர்ச்சண்டைசரின் லேப்டாப் படுத்துவிட்டால் இந்த ரேம் யாருடையது என்று ஆன்சைட் இன்ஜினியரோடு பேசிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. அடிப்படை மாடலை வாங்கி, பழுதில்லாமல் ஓடுகிறதா என்று கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, அப்புறம் ரேம் போடுங்கள். முதல் நாளே திறந்துவிட்டால், பிறவியிலேயே இருந்த பழுதுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் இந்தக் கணக்கும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. கம்பெனி போட்டுத் தரும் விலைக்கும் கடை விலைக்கும் வித்தியாசம் சுருங்கிய மாடல்களில், நேராக 16 ஜிபியாகவே வாங்கிவிடுங்கள் என்றுதான் இப்போது சொல்கிறேன். கேட்கிறவர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: "உங்க ஆபீஸ்ல பழைய லேப்டாப்ல கழட்டுன ரேம் கெடக்குமில்லீங்க?" கிடக்கிறது, ஒரு டப்பா நிறைய. எல்லாம் பழைய தலைமுறை டிடிஆர்4. புது லேப்டாப் பலவற்றில் இருப்பது டிடிஆர்5 ஸ்லாட், வெட்டு இருக்கும் இடமே வேறு, உட்காராது. அழுத்திப் பார்க்காதீர்கள்.