குளம் வெட்டுன நாட்கள்

ஜூன் 9, ராத்திரி

அப்பாவோட கேசட் எல்லாம் ஏத்தி வெச்சிருக்கற அந்த 2 டிபி டிஸ்க்ல இருந்து டக்... டக்னு சத்தம். டிஸ்க் தன் உடம்பப் பத்தி தானே சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல 197ங்கற வரி, பெண்டிங் செக்டார், அதாவது படிக்க முடியாம நிக்கற எடம், 88. போன மாசம் பூஜ்யம். உடனே கழட்டி வெச்சிட்டேன். புது இடம் ரெடி ஆகுற வரைக்கும் அதுக்கு கரண்ட் குடுக்கக் கூடாது.

ஜூன் 10

ஆஸ்பத்திரியில அப்பாவப் பாக்க 5 நிமிஷம்தான் உள்ள விட்டாங்க. வலது கை அசையல. பேச்சு இல்ல. கண்ணு மட்டும் என் பின்னாடியே வந்துச்சு.

ஜூன் 12

ரெண்டு டிஸ்க்கா மூணு டிஸ்க்கா, ராத்திரி முழுக்க இதே யோசனை. மொத்தம் 412 கேசட். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்ல ஏத்துனது, 90 நிமிஷ கேசட் ஒண்ணு 3 ஜிபி வருது, எல்லாம் சேத்தா 1.3 டிபிக்குள்ளதான். மூணு 4 டிபி வாங்கி ரெய்டு-இசட்1, அதாவது மூணுலயும் பிரிச்சு எழுதி ஒண்ணு செத்தாலும் தாங்குற முறை, போட்டா 8 டிபி கிடைக்கும், ஆனா எனக்கு எடம் வேண்டாம், பத்திரம்தான் வேணும். மிரர்னா ரெண்டுலயும் ஒரே சரக்கு, ஒண்ணு செத்தா இன்னொண்ணுல இருந்து நேரா காப்பி, அப்புறம் எப்ப வேணும்னாலும் மூணாவத அட்டாச் பண்ணலாம் கழட்டலாம். ரெய்டு-இசட்ல அந்த சௌகரியம் கிடையாது, ஒத்த டிஸ்க் சேத்து விரிக்கிற வசதியே இதெல்லாம் பண்ற சாஃப்ட்வேர் ஓப்பன் இசட்எஃப்எஸ்ஸோட 2.3ல, 2025 ஜனவரியிலதான் வந்துச்சு, என் உபுண்டு 24.04ல இருக்கறது 2.2. அதனால மிரர். முடிவு. மூணாவது டிஸ்க் வீட்டுல இருக்கக் கூடாது, அது தங்கச்சி வீட்டுக்கு. ஒரே வீட்டுல இருந்தா என்ன ஆகும்னு டிசம்பர் 2023 வெள்ளத்துல பாத்தாச்சு.

தங்கச்சிகிட்ட மூணு டிஸ்க்னு சொன்னேன். "அண்ணே, இந்த நேரத்துலயா?"ன்னா. ஆஸ்பத்திரி பில்லு அவ கையிலதான் இருக்கு. நான் பதில் சொல்லல. வாங்கிட்டேன்.

ஜூன் 13

டிஸ்க்க சோதிக்கிற பேட்பிளாக்ஸ் ஓடுது. புது டிஸ்க்க நம்பி அப்படியே எதையும் வைக்கக் கூடாது, எல்லா செக்டார்லயும் நாலு பேட்டர்ன் எழுதி எழுதி திருப்பிப் படிச்சுப் பாக்கணும். மூணையும் ஒண்ணா ஓட விட்டிருக்கேன்.

ஜூன் 14

ஓடுது.

ஜூன் 15

ஓடுது. அப்பா இன்னைக்கு இடது கையால என் மணிக்கட்ட புடிச்சாங்க. பிடி நல்லா இருக்கு.

ஜூன் 16, விடியக்காலம்

மூணும் சுத்தம். ஒரு பிளாக் கூட அடி வாங்கல. டிஸ்க் மேலயே மார்க்கர்ல சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்த எழுதிட்டேன்.

ஜூன் 16, ராத்திரி

ஆச்சு. ஆனா பதட்டம் இன்னும் அடங்கல, அதனால எல்லாத்தையும் எழுதிடுறேன்.

சாயங்காலம் உக்காந்து, ரெண்டு டிஸ்க்கையும் ஒரே பூலா சேக்குற கமாண்ட அடிச்சு, எஸ்டிபி எஸ்டிசின்னு லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கற ரெண்டு பேரையும் போட்டு, என்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஏதோ தோணி, டிஸ்க் பட்டியல் காட்டுற எல்எஸ்பிஎல்கே அடிச்சுப் பாத்தா, நேத்து எஸ்டிபியா இருந்தது இன்னைக்கு எஸ்டிபி இல்ல. ரீபூட்ல பேரு மாறிடுச்சு. எஸ்டிபின்னு வந்து நின்னது அம்மா போட்டோ எல்லாம் இருக்கற டிஸ்க். எந்திரிச்சுப் போய் முகத்தக் கழுவிட்டு வந்தேன்.

இதுக்குத்தான் பை-ஐடின்னு ஒண்ணு இருக்கு. அதுல டிஸ்க்கோட மாடலும் சீரியல் நம்பரும் சேந்து பேரா வரும், எந்த போர்ட்ல மாட்டுனாலும் மாறாது. மார்க்கர்ல எழுதுன நாலு எழுத்தையும் ஸ்கிரீன்ல இருக்கறதையும் வாய் விட்டு படிச்சு ஒத்துப் பாத்தேன், ரெண்டு தடவ. அப்புறம் முதல்ல ஹைஃபன் என் போட்டேன், அது போட்டா ஒண்ணும் பண்ணாது, பண்ணா எப்படி இருக்கும்னு மட்டும் காட்டும். மிரர், அதுக்குக் கீழ ரெண்டு டிஸ்க். சரி.

டிஸ்க்ல எழுதற கட்டம் எவ்வளவு பெருசுன்னு சொல்ற ஏஷிஃப்ட்ட 12ன்னு கையாலயே குடுத்துட்டேன். 2 அடுக்கு 12, அதாவது 4096 பைட். சில டிஸ்க் உள்ள 4096ஆ இருந்துகிட்டே வெளிய 512ன்னு பொய் சொல்லும், அத நம்பி 9னு போய்ட்டா அப்புறம் மாத்தவே முடியாது, பூல் மொத்தத்தையும் அழிச்சு முதல்ல இருந்துதான். கரை போடும்போதே சரியா போடணும்.

பேருக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. எல்லா கைடுலயும் டேங்க்னு இருக்கு. நான் குளம்னு வெச்சேன், பூல்னா குளம்தானே. டைப் பண்ணும்போது கை நின்னுடுச்சு. அன்னைக்கு உடைஞ்சதும் குளம்தான். ஒண்ணு மேல ஒண்ணா குளமா உடைஞ்சு வந்த தண்ணி, ஆத்துத் தண்ணியோட சேந்து, ஏரல் வீட்டுல பரண் வரைக்கும் ஏறிச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்ச மழை. கேசட் டப்பா எல்லாம் சேத்துக்குள்ள. டேப்ப நூல் மாதிரி உருவி உருவி அப்பா வெயில்ல காயப் போட்டாங்க, மூணு நாள். ஒண்ணும் தேறல.

இருந்தாலும் குளம்னே வெச்சேன். என்டர் தட்டுனேன். ஒரு சத்தம் இல்ல, ஒரு வரி இல்ல, நாலஞ்சு செகண்டுல பிராம்ப்ட் திரும்பி வந்துடுச்சு. ஸ்டேட்டஸ் பாத்தா எல்லா வரியிலயும் ஆன்லைன். கம்ப்யூட்டர் கணக்குல 3.62 டிபி. ஃபார்மட் கிடையாது, பார்ட்டிஷன் பிரிக்கிறது கிடையாது, மவுண்ட் கூட அதுவே பண்ணிக்குது. 2001ல சன் கம்பெனியில போன்விக்கும் ஆரென்ஸும் இந்த இசட்எஃப்எஸ்ஸ ஆரம்பிச்சப்போ நெனச்சதே அதுதான், ரேம் சிப் சொருகுனா கம்ப்யூட்டர் தானா எடுத்துக்குற மாதிரி டிஸ்க்கும் இருக்கணும்னு. அவங்களுக்கு மனசார நன்றி சொல்லிக்கிட்டேன்.

ஜூன் 17

குளத்துக்குள்ள ரெண்டு டேட்டாசெட், தனித்தனி அறை மாதிரி. ஒண்ணு கேசட், ஒண்ணு இமேஜ், அதாவது பழைய டிஸ்க்கோட முழு நகல். ரெக்கார்ட்சைஸ், அதாவது ஒரு துண்டோட அளவு, 1எம். சுருக்கி வைக்கற கம்ப்ரஷன் எல்இசட்4. ஆடியோவுக்கு பெருசா சுருங்காது, ஆனா போட்டு வைக்கறதுல நஷ்டம் இல்ல.

அப்பாவ நார்மல் வார்டுக்கு மாத்திட்டாங்க.

ஜூன் 18

பழைய டிஸ்க்குக்கு கரண்ட் குடுத்தேன். டிடிரெஸ்க்யூ, கெட்டுப் போற டிஸ்க்க முழுசா நகல் எடுக்குற புரோக்ராம். ஃபைல் ஃபைலா காப்பி பண்ணக் கூடாது, அது கெட்ட எடத்துலயே முட்டி முட்டி டிஸ்க்கக் கொன்னுடும். இது நல்ல எடத்த எல்லாம் முதல்ல அள்ளிட்டு, கெட்டத கடைசியில வந்து பாக்கும். பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ஃபேன திருப்பி டிஸ்க் மேல விட்டிருக்கேன்.

ஜூன் 19

மத்தியானம் கரண்ட் கட். யுபிஎஸ் 10 நிமிஷம் நின்னுச்சு, அதுக்குள்ள நிறுத்திட்டேன். எது வரைக்கும் படிச்சோம்னு குறிச்சு வைக்கற மேப் ஃபைல் இருக்கறதால விட்ட எடத்துல இருந்தே எடுத்துக்கிச்சு. குளத்துக்கும் ஒண்ணும் ஆகல, அது பழசு மேல எழுதாது, புது எடத்துல எழுதி முடிச்ச பிறகுதான் பழச விடும்.

ஜூன் 20

எல்லாம் வந்துடுச்சு, 344 கேபி தவிர.

ஜூன் 21

அந்த 344 கேபி எங்க போச்சுன்னு தெரியாம தூக்கம் வரல. இமேஜோட ஒரு காப்பியில, கெட்ட எடத்துல மட்டும் ஒரு அடையாள வார்த்தைய டிடிரெஸ்க்யூவ விட்டே எழுத வெச்சு, அப்புறம் எல்லா ஃபைல்லயும் அந்த வார்த்தைய தேடுனேன். ஒரே ஒரு ஃபைல்ல மாட்டுச்சு. 203வது கேசட். முக்கூடல் கோயில் கொடை, ஏ பக்கம்.

கணக்குப் போட்டா முக்கா செகண்டு கூட வராது.

ஜூன் 22

203ஐ பதினஞ்சு இருபது தடவ கேட்டுட்டேன். ஆரம்பத்துல அப்பா எப்பவும் போல ஊரு, மாசம், தேதி சொல்றாங்க, குரல் சின்ன வயசுக் குரல், பின்னாடி யாரோ இருமுறாங்க, ஜெனரேட்டர் சத்தம். அப்புறம் வில்லுப்பாட்டு. 31வது நிமிஷத்துல குடம் அடிக்கிறவர் வேகத்தக் கூட்டிக்கிட்டே போறாரு, உடுக்கை கூடவே ஏறுது, ஏறி அந்த ஒரு அடி விழுற எடத்துலதான் அது இல்ல. அமைதி. அடுத்த அடியில இருந்து மறுபடி இருக்கு. வேற எங்கயாவது போயிருக்கலாம், கேசட் மாத்துன எடைவெளியில, ஜனங்க பேச்சுல. அந்த அடி என்ன அடின்னு தெரிஞ்ச ஒரே ஆளு அப்பாதான்.

ஜூன் 23

ஹெட்போன் எடுத்துட்டுப் போனேன். தங்கச்சி தடுத்துட்டா. "வேண்டாம்ணே, அழுதாங்கன்னா பிரஷர் ஏறிரும்." அவ சொல்றதும் சரிதான். பைக்குள்ளயே வெச்சுட்டேன்.

ஜூன் 25

ஸ்க்ரப் விட்டேன், குளத்துல இருக்கற எல்லாத்தையும் படிச்சு சரி பாக்குற வேலை. ரெண்டாவது டிஸ்க்ல செக்சம் பிழை 3, எழுதுனப்போ போட்டு வெச்ச சரிபாப்புக் கணக்கோட ஒத்து வரல. படிக்கிறதுல எழுதறதுல பிழை இல்ல, செக்சம் மட்டும். மிரர்ங்கறதால மத்த டிஸ்க்ல இருந்து அதுவே சரி பண்ணிடுச்சு, எர்ரர் இல்லன்னு காட்டுது. ஆனா ஏன் 3?

ஜூன் 26

ஏன் 3?

ஜூன் 27

டிஸ்க்க போர்டோட இணைக்குற சாட்டா கேபிள். கொஞ்சம் ஆட்டுனாலே, கம்ப்யூட்டரோட பதிவேடு டிஎமெஸ்ஜில, வரிவரியா பிழை வருது. புதுசு மாத்தி, கிளியர் அடிச்சு, மறுபடி ஸ்க்ரப். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். சாதா ஃபைல்சிஸ்டமா இருந்தா இந்த மூணும் எனக்குத் தெரியவே வந்திருக்காது. தப்பான பைட்ட சரின்னு நெனச்சு வருஷக்கணக்கா வெச்சிருப்பேன்.

ஜூன் 29

ஸ்பீச் தெரபி ஆரம்பம். "அ".

ஜூலை 1

மூணாவது டிஸ்க்ல தனி பூல், பேரு ஊருணி. குளம் அந்த நேரத்துல இருக்கற நிலைய ஸ்னாப்ஷாட் எடுத்து சென்ட், இந்தப் பக்கம் ரிசீவ். முடிஞ்சதும் எக்ஸ்போர்ட் பண்ணி, அதாவது பூல முறையா மூடித்தான் கழட்டணும், மறந்துடக் கூடாது.

ஜூலை 2

தெரபி பண்ற அம்மா தாளம் தட்டிக் காட்டி, கூடவே தட்டச் சொன்னாங்க. அப்பா இடது கையால தட்டுனாங்க. அவங்க காட்டுன தாளம் இல்ல அது. வேற ஏதோ, ஏறிக்கிட்டே போற மாதிரி. போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டேன்.

ஜூலை 3

எக்ஸ்போர்ட் ஆச்சு. பழைய துண்டுல சுத்தி, டிபன் கேரியர் பையில. காலையில முதல் பஸ், மதுரை.